ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

செல்லம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி எழுதிக் கொடுத்திருந்தது. ஊரப்பாக்கத்து வீட்டில் வைத்தீஸ்வரனைப் பார்த்துக்கொள்ள வந்த பதினோரு வாரத்தில், ஒரே ஒரு ஞாயிறுதான் அவள் பொழிச்சலூரில் தன் வீட்டுப் படியேறினாள். மற்ற ஞாயிறுகளில் எல்லாம் வைத்தீஸ்வரனுக்குக் காய்ச்சல். காய்ச்சலில் கிடக்கும் நோயாளியை விட்டுப் போகக் கூடாது என்பதும் ஏஜென்சி எழுதியதுதான்.

பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போனவர் அவர். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவது, டயபர் மாற்றுவது எல்லாம் செல்லம்மாதான். இரவில் அவர் கட்டிலுக்குக் கீழே பாய். ஒரு இருமல் கேட்டால் எழுந்துவிட வேண்டும்.

காய்ச்சல் இருக்கிறது என்று சொன்னது தபால்தலை அளவு மெல்லிய பிளாஸ்டிக் படலம். சிறுசேரியில் வேலை செய்யும் மகன் தினகரன், ஒரு புதுக் கம்பெனி சோதனைக்குக் கொடுத்தது என்று கொண்டுவந்தான். அதை அப்பாவின் நெஞ்சில் ஒட்டி, ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். உடம்பு சுட்டால் ஒளி மங்கும். எவ்வளவு மங்கியது என்று செல்போன் பார்த்து டிகிரியில் சொல்லும். திங்கட்கிழமைதோறும் புதுப் படலம்.

"சார், தெர்மாமீட்டர்ல தொண்ணூத்தெட்டுதான் கீது" என்று செல்லம்மா முதல் மாதமே சொல்லிப் பார்த்தாள்.

"அது அந்த நிமிஷத்துக்குக் காட்டுறது அக்கா. இது வாரம் பூரா உடம்போடயே இருக்கு. எதுக்கு ரிஸ்க்? நீங்க இருந்துடுங்க."

இருந்தாள். காய்ச்சல் இல்லாத உடம்புக்கு மாத்திரையும் கரைத்து ஊற்றினாள்.

வருகிற ஞாயிறு அப்படி விட முடியாது. தாம்பரத்துப் பயிற்சி மையத்தில் நோயாளிப் பராமரிப்புத் தேர்வு. அந்தச் சான்றிதழ் இருந்தால் ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேர ஷிப்ட் கிடைக்கும். முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் ஊரார் வீட்டுக் கட்டிலுக்குக் கீழேதான் பாய். போன தடவையும் தவறவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் படலம் நூறைத் தாண்டியது. செல்லம்மா தினமும் காய்ச்சலைக் குறித்துவைக்கும் நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள். திங்கள் தொண்ணூற்றெட்டு, புதன் தொண்ணூற்றொன்பது, சனி நூறு. எல்லா வாரமும் ஒரே ஏற்றம். ஒரு வாரம் மட்டும் ஏறவே இல்லை. அந்த வாரம் விடாமல் மழை. அவரைப் பால்கனிக்குக் கொண்டுபோகவில்லை. மற்ற நாளெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து, சட்டையைக் கழற்றி, அரை மணி நேரம் காலை வெயிலில் உட்காரவைத்திருந்தாள். ஏசி அறையில் கிடப்பவர்களிடம் சோதித்துப் பார்த்த கம்பெனிக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்காது.

ஞாயிறு காலை எட்டு மணி. தினகரன் செல்போனோடு வந்து நின்றான். "நூத்தி ஒண்ணரை அக்கா. இன்னிக்குப் போய்…"

"கைய நீட்டு சார்."

நீட்டினான். பெரியவர் நெஞ்சிலிருந்து படலத்தை உரித்து, மகனின் முன்கையில் ஒட்டி, விளக்கைக் காட்டினாள். செல்போன் நூற்றொன்று என்றது.

"உனக்கும் ஜுரம்தான் சார். போய்ப் படு."

அவன் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அதற்குள் அவள் புதுப் படலம் ஒன்றை அப்பாவுக்கு ஒட்டிக் காட்டினாள். தொண்ணூற்றெட்டு.

"வெயில்ல போட்டா துணியே சாயம் போவுது. இது போவாதா? மங்கிப்போனத உன் போனு ஜுரம்னு சொல்லிகினு கீது."

"அப்ப இத்தனை வாரமும்…"

"ஆமா சார்."

தினகரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இத உடனே கம்பெனிக்குச் சொல்லணும்க்கா. கொஞ்சம் இருங்க, கால் போடுறேன், நீங்களே பேசிடுங்க."

"நோட்டு அலமாரி மேல கீது. பதினோரு மணிக்குக் கஞ்சி, தலைய ஒசத்தி வெச்சு ஊத்து. டயபர் கட்டிலுக்குப் பக்கத்துல."

அவன் எண்ணைத் தேடி முடிப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் தாம்பரம். தேர்வு அறைக் கதவு சாத்துவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போனாள்.

மூன்று மணிக்குத் திரும்பினாள். கஞ்சிப் பாத்திரம் காலியாக இருந்தது. டயபர் காலையில் அவள் கட்டியதுதான். படுக்கை விரிப்பும் நனைந்திருந்தது. படலத்தை மட்டும் தினகரன் பதினான்கு முறை பார்த்திருந்தான்.

"எனக்கு மாத்த வரலக்கா. எக்ஸாம் எப்படி?"

"பொம்மைக்கு டயபர் மாத்துனேன் சார். ரிசல்ட் வர நாப்பது நாளு."

கையுறையை மாட்டிக்கொண்டு அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள்.

"கம்பெனில ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்றான் தினகரன். "உங்ககிட்டயே கேட்டு எழுதிக்கணுமாம். அடுத்த ஞாயித்துக்கிழமை இங்க வராங்க. நீங்க இருந்துடுங்கக்கா."