முந்நூற்றாறு கோழிகள்

தேவாலயத்தில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதும் டெல்மர் ஓஸ்ட்பி எண்ணிக்கொண்டுதான் இருப்பார். கோட்டுப் பைக்குள் கட்டைவிரலால் அழுத்தும் சின்ன எண்ணும் கருவி, டிக், டிக். கம்பியில் குருவி, சரக்கு ரயிலில் பெட்டி, எதுவும் தப்பாது. காப்பிக் கடையில் யாராவது சீண்டுவார்கள்: “டெல்மர், என் பொண்டாட்டியையும் எண்ணிட்டியா? ஒண்ணுதாம்ப்பா. அதிகப்படின்னு தூக்கிட்டுப் போயிடாத.”

கனடாவின் கோதுமைச் சமவெளியில், மாகாண முட்டை வாரியத்தின் கள அலுவலர் அவர். வயது அறுபத்து நான்கு. ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம். கோழிகள் கம்பில் அடைந்திருக்கும் விடியற்காலையில்தான் எண்ணப் போவார். கொட்டகைக்குள் நுழையுமுன் மெதுவாகப் பேச்சுக் கொடுப்பார். “நாமதான்னு சொல்லிட்டு உள்ள போகணும். இல்லேன்னா பறந்து அடிச்சு, ஒண்ண ஒண்ணு மிதிச்சுக்கும்.”

சட்டசபை இயற்றிய சட்டம் பதினோரு பக்கம். அதை வைத்து வாரியம் எழுதிக்கொண்ட விதிகள் நூற்றெண்பது பக்கம். இரண்டும் அவர் வண்டியில் கிடக்கும். ஒருவர் எத்தனை கோழி வளர்க்கலாம் என்று வாரியம் சொல்லலாம், மீறினால் அபராதம் போடலாம். சட்டம் கொடுத்தது அவ்வளவுதான். மீறியவரின் கொட்டகையையே காலி செய்யலாம் என்ற வரியை மூன்று வருடத்துக்கு முன் வாரியம் தானாக விதியில் சேர்த்துக்கொண்டது. டெல்மர் அன்றே மேலாளரிடம் கேட்டார்.

“வெய்ன், இந்த அதிகாரத்த நமக்கு யாரு குடுத்தா?”

“நாமளே எடுத்துக்கிட்டோம். போய் வேலையப் பாருங்க.”

பார்த்தார். போன ஜனவரியில் ஸ்டெஃபா கொஸ்திக்கின் கொட்டகையில் மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் முந்நூற்றாறு. அனுமதி முந்நூறு. ஊரை விட்டுப் போன பக்கத்துப் பண்ணைக்காரர் விட்டுச் சென்ற ஆறு கோழிகளை ஸ்டெஃபா உள்ளே சேர்த்திருந்தாள். கணவன் இறந்த பிறகு அந்த முட்டைகளில்தான் அவள் வீடு ஓடியது.

“ஆறையும் எடுத்துட்டுப் போங்க டெல்மர்.”

“விதி அப்படிச் சொல்லல ஸ்டெஃபா. எல்லாத்தையும்னு சொல்லுது.”

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிர். காற்றில் கதவு அடித்துக்கொண்டது. தூக்கிச் செல்லும் பறவைகளின் இறக்கை நசுங்கக் கூடாதென்று அவளே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். கூலியாட்களுக்குக் காப்பியும் போட்டாள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. முந்நூற்றாறும் அன்று மதியமே விஷவாயு அடைத்த வண்டியில் செத்து முடிந்தன.

டெல்மர் எதையும் விடாமல் எழுதுகிற மனிதர். அறிக்கையில் இரண்டு வரி: ‘உரிமையாளர் கதவைப் பிடித்திருந்தார். காப்பி கொடுத்தார்.’

இலையுதிர் காலத்தில் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. சட்டசபை கொடுக்காத அதிகாரத்தை வாரியம் எழுதி உண்டாக்க முடியாது. பறிகொடுத்தவர்களுக்கெல்லாம் அதே எண்ணிக்கையில் கோழி திருப்பித் தர வேண்டும். வாரியம் ஸ்டெஃபாவுக்கு மட்டும் மறுத்தது. அவளிடம் யாரும் பறிக்கவில்லையாம், அவளே கொடுத்தாளாம். அறிக்கையிலேயே இருக்கிறதே!

அதை எதிர்த்து அவள் கொடுத்த முறையீட்டின் விசாரணை நாளன்று, ஊர் மன்றத்தின் பின்னறையில், வெய்ன் ஒரு வாக்குமூலத்தை டெல்மர் முன் வைத்தார். ‘கோழிகளை உரிமையாளர் மனமுவந்து ஒப்படைத்தார்.’ மேசைக்கு எதிர்ப்பக்கம் ஸ்டெஃபா. பண்ணையை விற்கும் பலகை அவள் வேலியில் ஏறி ஒரு வாரமாகிறது.

“நீங்க எழுதினதுதானே,” என்றார் வெய்ன். “பதினோரு மாசம், டெல்மர். யோசிச்சுக்குங்க.”

“மனமுவந்தா?” என்றாள் ஸ்டெஃபா. குரல் உயரவில்லை. “கோழி கத்துறது தாங்கல. அதுக்குத்தான் போய்ப் பிடிச்சேன்.”

டெல்மர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு அதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். மேலே, அறிக்கைகளில் எழுதும் அதே சின்ன எழுத்தில், ‘நான் எடுத்தேன். எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அன்றே தெரியும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். வெய்ன் கையை நீட்டினார். டெல்மர் தாளை மெல்லத் திருப்பி, எழுத்து அவளுக்கு நேராகத் தெரியும்படி, ஸ்டெஃபாவின் பக்கம் தள்ளினார்.