வருகைப் பதிவேட்டில் ஒரு காரணம்

கோவில்பட்டி பஸ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கணிதம் படிக்கிறேன், என் தோழி முத்துமாரி வேதியியல். பல்கலைக்கழக நூலகத்தில் இருவருக்கும் ஒரு மாத இன்டர்ன்ஷிப். அவள் உள்ளே புத்தகம் அடுக்குவாள். நான் வாசலில் வருகைப் பதிவேட்டோடு இருப்பேன். பெயர், நேரம், வந்த காரணம் மூன்றையும் எழுதாமல் யாரையும் விட மாட்டேன்.

இன்று காலை அவள் அண்ணன் புதூரிலிருந்து வந்தார். விறுவிறுவென்று உள்ளே போகப் பார்த்தார்.

"அண்ணே, நோட்டுல எழுதிட்டுப் போங்க" என்றேன்.

நின்று எழுதினார். மூன்று கட்டமும் நிரம்பியிருந்தது. விட்டுவிட்டேன்.

போனவர் அவள் சடையைப் பிடித்து இரும்பு அலமாரியில் மோதினார்.

"கெமிஸ்ட்ரி படிக்கிறவளுக்கு லைப்ரரியில என்னட்டி வேல? யார ஏமாத்துத?"

நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. மறுபடி கையை ஓங்கினார். அவள் அடுக்க வைத்திருந்த தடித்த அகராதியை இரண்டு கையாலும் தூக்கி அவர் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்தது.

"இந்த வேலதாம்ண்ணே!" என்று கத்தினாள்.

போலீஸ் வந்து பதிவேட்டைப் புரட்டியது. காரணம் என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் இருந்தது: "தங்கச்சிய அடிக்க."

"நீ இத படிச்சுப் பாக்கலையாம்மா?" என்றார் ஏட்டு.

பார்க்கவில்லை. கட்டம் நிரம்பியதை மட்டும்தான் பார்த்தேன். அவளுக்கு நெற்றியில் ஆறு தையல்.

அந்தப் பக்கத்தில் மற்ற எல்லாரும் "படிக்க" என்று எழுதியிருக்கிறார்கள், ஃபேனுக்கடியில் தூங்க வந்தவர்கள் உட்பட. உண்மையை எழுதியவர் அவர் ஒருத்தர்தான்.

நீங்கள் இதுவரை எத்தனை பதிவேட்டில் எழுதியிருப்பீர்கள்? ஒன்றையாவது யாராவது வாசித்தார்களா?