பதினாலாம் நாள் வட்டம்

எங்கள் காலண்டர் பட்டறையில் அவளுக்குத் தகரம் என்று பெயர். மாதத் தாள்களை அடுக்கி நான் தள்ளிவிடுவேன். அவற்றின் தலையில் தகரப் பட்டியை வைத்து மெஷினால் அழுத்துவது அவள் வேலை. ஊருக்கெல்லாம் காலண்டர் செய்பவளை அவள் வீட்டுக் காலண்டர் நான்கு வருடம் படுத்திய பாட்டை நினைத்தால், இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் காலண்டரை ஆண்டவள் அவளுடைய நாத்தனார். தகரத்துக்கு மாதவிடாய் வந்ததும், அதிலிருந்து பதினாலாம் நாளைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிடுவாள். கரு நிற்கும் நாள் அதுதான் என்று எவரோ சொல்லிவிட்டார்களாம். லாரி ஓட்டும் தம்பிக்குப் போன் போகும். அவனும் எங்கிருந்தாலும் அடித்துப்பிடித்து அன்றைக்கு வந்து நிற்பான். தகரத்துக்கோ முப்பத்தெட்டு நாளில் வரும், நாற்பத்தைந்தில் வரும், ஒரு தரம் ஐம்பத்திரண்டு ஆனது. வட்டம் மட்டும் பதினாலை விட்டு அசையவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. நாள் தள்ளித் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் அவளுக்கு முட்டை வெள்ளைக்கரு போல வழவழவென்று நூலாய் நீளும் கசிவு வரும். அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று இழுக்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை நாத்தனாரிடம் சொல்லித் தொலைத்தாள்.

"வெள்ளைப்படுது. இது ஒட்டிக்கிற நோய். எந்தம்பி பக்கத்துல போகாத!"

ஒரு கசப்பு மருந்தைக் கொடுத்து, தலையணையைச் சாமான் அறைக்குள் எறிந்தாள் அந்த மகராசி. காலண்டரில் அந்தத் தேதியில் 'மருந்து' என்று வேறு எழுதிவைத்தாள். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் இதேதான். லோடு முடிந்து புருஷன் வீட்டில் இருக்கும் நாட்களிலும் இவள் சாமான் அறையில் படுத்தாள்.

"வர்ற வருஷக் காலண்டர மாட்டுறதுக்குள்ள வயித்துல ஒண்ணும் இல்லன்னா, எந்தம்பிக்கு வேற பொண்ணு பாப்பேன்" என்றாள் ஒருநாள். அவன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தகரத்தைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, பதினாலுங்கறது இருபத்தெட்டு நாளைக்கு ஒருதடவ வர்றவங்களுக்கு உத்தேசமா சொல்றது. உனக்கு அது எப்படிப் பொருந்தும்? அடுத்த பீரியட்ஸுக்குச் சுமாரா ரெண்டு வாரம் முன்னாடிதான் முட்டை வெளிய வரும். அந்த வழவழப்பு அதுக்கு அடையாளம். அரிப்பு, நாத்தம் இல்லன்னா அது நோயே இல்ல. நாள் ஏன் இப்படித் தள்ளிப்போகுதுன்னு டாக்டர் பாக்கட்டும். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, அவரும் டெஸ்ட் எடுக்கணும்."

அன்று சாயங்காலம்வரை தகரம் மெஷினை மிதித்த மிதியில் என் அடுக்கெல்லாம் ஆடிப்போனது. வேலை விட்டதும் துணைக்கு நானும் போனேன். புருஷன் வீட்டில்தான் இருந்தான். அவள் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி, மாதவிடாய் வந்த ஒவ்வொரு தேதியிலிருந்தும் இரண்டு வாரம் பின்னோக்கி எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் விரல் 'மருந்து' பக்கத்திலேயே போய் நின்றது.

"அண்ணி, இது உங்க கையெழுத்துதான? நீங்க என்னைத் தள்ளிவெச்ச நாளெல்லாம்தான் புள்ள உண்டாகுற நாளு."

"இத நீ முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?" என்றான் புருஷன். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

"சொன்னேனே! தலகாணியத் தூக்கி எறிஞ்சாங்க. நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

நாத்தனார் பேனாவைத் திறந்துகொண்டு நெருங்கி வந்தாள். குரலில் தேன் ஒழுகியது.

"சரி விடு, நடந்தது நடந்துபோச்சு. இப்ப எந்த நாளு வட்டம் போடணும்?"

"இன்னைக்குத்தான் அண்ணி. காலையிலேர்ந்தே தெரியுது."

நாத்தனார் முகம் மலர்ந்தது. புருஷன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டான். தகரம் கட்டிலிலிருந்து தன் தலையணையை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"அவர முதல்ல டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. "அப்புறம் எனக்கு அவரு வேணுமான்னு நான் சொல்றேன்."