சொல்தா வீட்டுப் பதினேழு படிகள்

என் நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, செல்வி.

நெல்லித்தோப்பில் நாங்கள் இருபத்திரண்டு வருடம் குடியிருந்த மாடி வீட்டின் படிக்கட்டுக்கு அடியில் தையல் மெஷின் போட்டிருப்பவள் அவள். ஏறினாலும் இறங்கினாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தாள்.

"இன்னாக்கா, வலது செருப்பு மட்டும் தேயுது? ஏறும்போது ஒண்ணுமில்ல, ரோட்டுல வரும்போது சர்ரு சர்ருன்னு சத்தம் வருது."

"ஒன் மெஷின் போடுற சத்தத்துல என் செருப்பு சத்தம் எங்கடி கேக்குது ஒனக்கு?" என்று வாயடித்துவிட்டு மேலே போய்விட்டேன். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம். நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட், காலையிலும் சாயங்காலமும் மட்டும் வேலை, பகலில் வீட்டில்தான். அந்த மாதமே வலது கை விரல்கள் மந்தமாகிவிட்டன. என் கையெழுத்து எறும்பு மாதிரி சின்னதாகிக்கொண்டே போனதை வக்கீல்தான் காட்டினார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நரம்பியல் மருத்துவர் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். வராந்தாவில் நடந்து திரும்பச் சொன்னார். பார்க்கின்சன் (மூளையில் உடல் அசைவை நடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவதால் வரும் நோய்) என்று எழுதினார்.

"முழுசா குணமாகாதும்மா. ஆனா மாத்திரையும் பயிற்சியும் ஒழுங்கா இருந்தா ரொம்ப வருஷம் நல்லா ஓட்டலாம்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. முதல் மூன்று வருடம் நன்றாகத்தான் ஓடியது. நாலாவது வருடம் நடை உறைதல் (நடந்துகொண்டிருக்கும்போதே பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவது) வந்தது. போ, போ என்று மனசு விரட்டும். கால் கேட்காது. மேல் உடம்பு மட்டும் முன்னால் போய்விடும்.

அப்படித்தான் ஒரு காலையில் சமையலறை வாசலில், கையில் குழம்புச் சட்டியோடு விழுந்தேன். சத்தம் கேட்டுச் செல்வி ஓடி வந்தாள். இடது மணிக்கட்டு அதற்குள் வீங்கியிருந்தது. அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவளிடம் சொன்னேன்.

"படியில விழுந்துட்டேன்னு சொல்லிடலாம்டி."

"ஏங்க்கா பொய்யி?"

"படியில யாரு வேணா விழலாம். சமதரையில விழுந்தேன்னு எப்படிடி சொல்றது?"

என் கணவர் தட்டாஞ்சாவடியில் மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலை செய்பவர். அவர் பதறியடித்து வந்தபோது, "ஆமாண்ணா, மூணாவது படியில கால் வழுக்கிடுச்சு" என்று எனக்காகச் சொன்னவள் செல்விதான்.

அந்த ஒரு பொய்தான் எங்கள் வீட்டைக் காலி செய்தது. சென்னையில் வேலை செய்யும் என் மகன் பிரபு வந்தான். மாவுக்கட்டைப் பார்த்தான், படிக்கட்டைப் பார்த்தான். "இனிமே மாடியே வேணாம்மா" என்றான். இரண்டே வாரத்தில் கதிர்காமத்தில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், ஒரு தரைத்தள வீட்டைப் பிடித்துவிட்டான். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்குப் பதினான்கு நாள் இருந்தது. ஊரையே பேசித் தீர்க்கிறவளுக்கு அப்போது மட்டும் வாய் வரவில்லை.

நாங்கள் விட்டுவந்ததைச் சொல்தா வீடு என்பார்கள். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சொல்தா, அதாவது சிப்பாய், கட்டியது. இப்போதைய ஓனரும் பிரான்சில்தான் இருக்கிறார், எதுவானாலும் ஃபோனில்தான் பேச்சு. படிகள் பழைய காலத்து உயரப் படிகள். சிவப்பு சிமெண்ட், ஒவ்வொரு படியின் ஓரத்திலும் கறுப்புக் கரை. மொத்தம் பதினேழு. கடைசிப் படியை நான் மிதித்ததும் மெஷின் நிற்கும். செல்வி நிமிர்ந்து, "இன்னாக்கா, கெளம்பிட்டியா?" என்பாள்.

புது வீட்டைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அகலமான கதவுகள், கழிப்பறையில் கைப்பிடி, வாசலில் சாய்தளம். படுக்கையறையிலிருந்து கேட் வரைக்கும் ஒரே வெள்ளை டைல்ஸ், ஒரு மேடு பள்ளம் கிடையாது. எதிர்வீட்டில் ஒரு பெண் கேட்டைப் பூட்டிவிட்டு வண்டியில் வேலைக்குப் போவாள். என்னைப் பார்த்துத் தலையசைப்பாள். நானும் அசைப்பேன். அவ்வளவுதான் அந்தத் தெரு.

அந்த வழவழப்பான தரையில் என் கால் நின்றுவிட்டது. முதல் வாரத்தில் ஒன்றிரண்டு தடவை. மூன்றாவது மாதத்தில், கணவர் கையைப் பிடிக்காமல் என்னால் கேட் வரைக்கும் வர முடியவில்லை. நோய் முற்றிவிட்டது, அடுத்தது சக்கர நாற்காலிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். வேலையையும் விட்டேன்.

என் நாள் அப்போதே மாத்திரையிலிருந்து மாத்திரைக்கு என்று ஆகியிருந்தது. எட்டு மணி மாத்திரை. இந்நேரம் செல்வி மெஷின் மேல் மூடிய துணியை எடுத்து உதறுவாள். பன்னிரண்டு மணி மாத்திரை. மீன்காரம்மா படிக்கட்டில் கூடையை இறக்கிவைத்துவிட்டு மேலே பார்த்துக் கூப்பிடுவாள். நாலு மணி மாத்திரை. யூனிபாரம் தைக்கக் கொடுத்த பெண்கள் செல்வியோடு சண்டை போடுவார்கள், மேலிருந்து நான் பஞ்சாயத்து பண்ணுவேன். இங்கே நாலு மணிக்கு ஃபேன் சுற்றும். சாப்பாடு இறங்காத அளவுக்கு ஏங்கினேன். அந்த ஏக்கத்தையும் யாரிடமும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதை உண்டாக்கியவளே நான்.

ஆஸ்பத்திரியில் இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சி மூலம் அசைவைச் சீராக்குபவர்) ஒரு சின்னப் பெண். நான் நடந்ததை, நின்றதை எல்லாம் பார்த்துவிட்டு, "படி ஏறுவீங்களாம்மா?" என்றாள்.

"ஏறக் கூடாதுன்னுதானே வீட்டையே மாத்தினோம்" என்றார் கணவர்.

மூலையில் பயிற்சிக்காக வைத்திருந்த மரப்படிக்குக் கூட்டிப்போனாள். நாலு படி. விறுவிறுவென்று ஏறி, அந்தப் பக்கம் இறங்கினேன். திரும்பவும் ஏறினேன். கணவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"படியோட ஓரம் கண்ணுக்கு ஒரு கோடு மாதிரி. கோடு இருந்தா இவங்க கால் தாண்டிடுது. எல்லாருக்கும் இப்படி இருக்காது, இவங்களுக்கு இருக்கு" என்றாள். பிறகு ஃபைலைப் புரட்டினாள். "ஆனா படியிலதான் விழுந்தீங்கன்னு எழுதியிருக்கே, எப்படிம்மா?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"படியில விழல" என்றேன்.

கணவர் ஆட்டோ பிடித்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் கேட்டார்.

"ஏன் கலா?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

"எங்கிட்டயா?"

மூன்று நாள், "மாத்திரை போட்டியா?" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. என்னைத் திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "கெளம்பு. நெல்லித்தோப்புக்குப் போறோம். வீடு இன்னும் காலியாத்தான் கெடக்குதாம், சாவி செல்விகிட்ட இருக்குதாம். ஓனர்கிட்ட நான் பேசுறேன். திரும்பிப் போயிடலாம்" என்றார். என்ன புடவை கட்டினேன் என்றுகூட எனக்கு நினைவில்லை.

செல்வி என்னைக் கட்டிக்கொண்டு, "எளச்சிட்டியேக்கா" என்று அழுதாள். நான் அழவில்லை. என் கண் படியில் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறினேன். அந்தப் பொய் மூணாவது படியில்கூட கால் தடுமாறவில்லை. பதினேழும் ஏறி, செல்வி முன்னால் ஓடித் திறந்துவைத்த கதவுக்குள் வலது காலை எடுத்துவைத்தேன்.

அங்கேயே நின்றுவிட்டேன்.

கட்டில், பீரோ எதுவும் இல்லாத கூடம். சிவப்புத் தரை மட்டும் பரந்து கிடந்தது. பத்தடி தூரத்தில் நான் விழுந்த சமையலறை வாசல். பாதத்தை ஆணி அடித்து வைத்ததுபோல் இருந்தது. கணவர் கையை நீட்டினார்.

"வேணாங்க. செல்வி, எனக்கொரு கோடு போடுடி. காலுக்கு முன்னால."

அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை உருவி, குனிந்து, என் பாதத்துக்கு முன்னால் குறுக்கே போட்டாள். தாண்டினேன். எடுத்து மறுபடி போட்டாள். தாண்டினேன். அப்படியே சமையலறை வாசல் வரைக்கும் போய் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

எத்தனை மாதமாக இந்த வீட்டை நினைத்து உருகினேன்! நினைப்பில் வந்ததெல்லாம் படியும் தெருவும் இவளும்தான். இந்தத் தரை ஒரு தடவைகூட வந்ததில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை படியில் இறங்கி ஏறுவேன். மிச்ச நேரமெல்லாம் இந்தத் தரையில்தானே நடந்தேன், இதில்தானே விழுந்தேன். நாளைக்குப் படியும் முடியாமல் போகலாம் என்று அந்த ஆஸ்பத்திரிப் பெண் சொல்லியிருந்தாள். திரும்பி வந்தாலும் நான் முன்பிருந்த உடம்போடு வரப்போவதில்லை.

"போலாங்க. நம்ம வீட்டுக்கே போலாம்" என்றேன். கதிர்காமத்தை நம்ம வீடு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அழுதேன்.

இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று நின்று இறங்கினேன். கீழே செல்வி இஞ்ச் டேப்பை என் கழுத்தில் போட்டாள். "எங்கிட்ட இன்னொண்ணு இருக்குக்கா. நீ வெச்சுக்கோ."

மறுநாள் கணவர் பட்டறையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப் எடுத்துவந்தார். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, "எத்தினி படி?" என்றார். "பதினேழு" என்றேன். கட்டிலிலிருந்து கேட் வரைக்கும் என் அடிக்கு அடி அளந்து, பதினேழு கோடுகள் ஒட்டினார். கடைசிக் கோட்டை ஒட்டும்போது, வேலையிலிருந்து வண்டியில் வந்த எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, என்ன என்று கேட்டாள். நோயின் பெயரிலிருந்து குழம்புச் சட்டி வரை மூச்சுவிடாமல் சொன்னேன். என் வாய் எனக்குத் திரும்பிவந்தது. அவள் வண்டியை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். இப்போது தினமும் இரண்டு வார்த்தை பேசாமல் அவள் கிளம்புவதில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கே விழுந்தீர்களோ அதை உள்ளபடி சொல்லுங்கள். வெட்கத்துக்கு ஒரு வீட்டைக் கொடுத்தவள் சொல்கிறேன். உங்கள் காலுக்கு எது ஒத்துவரும் என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வீடு மாற்றுங்கள்.

முன்பெல்லாம் கேட்டுக்குப் போவது என்பது ஒரு வேலையே இல்லை. இப்போது எட்டு மணி மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் வரை கட்டிலில் காத்திருந்து, கழுத்தில் இஞ்ச் டேப்போடு எழுகிறேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடக்கிறேன். சில நாள் நிற்காமல் போகிறேன், சில நாள் ஒன்பதில் நின்று மூச்சு வாங்குகிறேன். பதினேழில் கேட்டைப் பிடித்துக்கொள்கிறேன். நெல்லித்தோப்பில் இந்த இடத்தில்தான் மெஷின் நிற்கும். அது நிற்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். பிறகு தாழ்ப்பாளை எடுக்கிறேன்.