சனிக்கிழமை ஆசிட்

என் தம்பி மனைவியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. காரணம் கேட்டால் பத்து சொல்வேன். பத்தும் பொய்யாக இருக்கலாம். உண்மையான காரணம் ஒன்றுதான். அவள் வந்த பிறகு இந்த வீட்டில் நான் யார் என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது.

வீடு குழித்துறையிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். முன்னால் ரோடு, பின்னால் கொஞ்சம் ரப்பர். எல்லாம் தம்பி பேரில் இருக்கிறது. அவன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவான். நான் அவனுக்கு மூத்தவள், கல்யாணம் ஆகாதவள், ஐம்பதைத் தாண்டியவள். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று ஒரு வாயும் சொல்லிவிடக் கூடாது. அதற்காகவே, நான் இல்லாவிட்டால் இந்த வீடு நாறிப்போகும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அந்த ஒரு பேர்தான் எனக்கு அங்கே இருந்த இடம். அது போனால் நானும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

குளிமுறிதான் எங்கள் போர்க்களம். தம்பி ஆசைப்பட்டு வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தான். இரும்புச்சத்துள்ள கிணற்றுத் தண்ணீர் ஓடும் வீட்டில் வெள்ளை டைல்ஸ் போடுகிறவனுக்கு என்ன சொல்வது! ஒரு வருடத்துக்குள் டைல்களுக்கு நடுவிலுள்ள சிமெண்ட் கோடுகள் மஞ்சளாகி, பிறகு காவியாகி, கடைசியில் வெற்றிலை போட்டவன் பல் மாதிரி ஆகிவிட்டன. அவள் தினமும் குளித்துவிட்டு ஒரு வாளி தண்ணீரை விசிறி ஊற்றுவாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் சுத்தம். குனியவே மாட்டாள். குனிந்தால் முதுகு ஒடிந்து போகுமோ என்னவோ.

நான் குனிந்தேன். பழைய பல் தேய்க்கும் பிரஷ், சோப்புத்தூள், தேங்காய் நார் என்று எதையும் விடவில்லை. கோடு அசையவில்லை. அப்போதுதான் பின்னால் ஷெட்டில் இருந்த கேன் கண்ணில் பட்டது. ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிப்பதற்காக வாங்கி வைத்திருந்த ஆசிட். ஒரு மக்கு தண்ணீரில் கொஞ்சம் கலந்து ஊற்றினேன். தரை நுரைத்தது. மூக்கைப் பிடுங்குகிற வாடை. கழுவி விட்டுப் பார்த்தால் கோடெல்லாம் பளிச்சென்று இருந்தது. கோடு வெளுத்ததைவிட, அதைப் பார்த்து அவள் முகம் சுருங்கியதில்தான் எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்.

அதிலிருந்து வாரம் தவறாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகுமுன் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றுவேன். செவ்வாய்க்கிழமைக்குள் பழையபடி காவி ஏறிவிடும், முன்னைவிட ஒரு படி கூடுதலாக. உடனே போனில் படம் எடுத்து தம்பிக்கு அனுப்புவேன். "பாரு மக்கா, நான் சனியாழ்ச்ச கழுவினது, ஒனக்க பெண்டாட்டி ரெண்டு நாளுல ஆக்கி வச்சிருக்க கோலத்தப் பாரு." அவன் அங்கிருந்து அவளைத் திட்டுவான். அவள் ஒரே ஒரு தடவை என்னிடம் வந்து சொன்னாள்.

"மைனி, அந்த ஆசிட் வேண்டாம். மூச்சு முட்டுது. தரைக்கும் அது கேடுன்னு தோணுது."

"ஒனக்குக் கழுவத் தெரியாது, கழுவுகவளுக்குப் புத்தி சொல்ல வந்துட்டா. போட்டி அங்க."

போனாள்.

எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். கூட்டத்துக்கு வருகிற பெண்கள் முதலில் கேட்பது கால் கழுவத் தண்ணீர். முற்றத்தில் குழாய் இருக்கும், அது யார் கண்ணிலும் படாது. நேரே குளிமுறிக்குள் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்துதான் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பார்கள். எங்கள் முறை வந்தபோது ஒரு அம்மா சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார். நான் காபி தம்ளர்களை அடுக்கிக்கொண்டே, அடுக்களைக்குள் நின்ற தம்பி மனைவிக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன், "எனக்க தம்பி பெண்டாட்டிக்க கைவேலை. நான் ஒருத்தி எவ்வளவுதான் பாக்கியது?" நாலைந்து பேர் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு வயிறு நிறைந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் தம்பி லீவில் வருவதாக இருந்தது. என் படங்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், தரையைச் சரிபண்ண அங்கிருந்தே ஒரு டைல்ஸ்காரரை ஏற்பாடு செய்து அனுப்பினான். நடுவயது மனிதர், அதிகம் பேசாதவர். குந்தி உட்கார்ந்து கட்டை விரல் நகத்தால் ஒரு கோட்டைச் சுரண்டினார். தண்ணீரில் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அடுத்ததைச் சுரண்டினார். அதுவும் உதிர்ந்தது. பிறகு தரையில் கையை வைத்து, ஒரு டைலை லேசாக ஆட்டிக் காட்டினார்.

தம்பி வீடியோவில் இருந்தான். போனை நான்தான் பிடித்திருந்தேன். அவள் வாசலில் நின்றாள்.

"அழுக்கு மட்டும் இல்ல சார் இது," என்றார் அவர். "ஆசிட் சிமெண்டத் தின்னுருக்கு. வாரா வாரம் ஊத்தியிருக்காவ போல. ஊத்த ஊத்த ஓட்ட பெருசாவும், அதுக்குள்ள காவித் தண்ணி போய் இருக்கும். ரப்பர் உள்ள வீட்டுல எல்லாம் இதே கததான். ஷீட்டுக்கு வச்சிருக்கத எடுத்து ஊத்திருவாவ. எல்லாத்தையும் நோண்டி எடுத்துட்டு, ஆசிட் தின்னாத பேஸ்ட் வச்சு நெறைக்கணும்."



"யாரு ஆசிட் ஊத்துனது?" என்று தம்பி கேட்டான்.

ஷெட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது. வாரம் தவறாமல் ஊற்றியதும் நான், படம் அனுப்பியதும் நான், ஊரைக் கூட்டி அவளை நாறடித்ததும் நான். இத்தனை வருடம் அவள் காத்திருந்தது இதற்குத்தானே, சொல்லட்டும் என்று அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாள்.

"நாந்தான் ஊத்துனேன். மைனி வேண்டாம்னுதான் சொன்னாவ. நான் கேக்கல."

தம்பி பிடித்துக்கொண்டான். "ஒனக்குக் கொஞ்சமாவது கூறு உண்டா? அக்காட்ட கேட்டுச் செய்யணும்னு எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்!" டைல்ஸ்காரர் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பிளேடால் சுரண்ட ஆரம்பித்தார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். அவன் திட்டி முடிக்கும்வரை நான் போனை ஒழுங்காகப் பிடித்திருந்தேன்.

வேலை மூன்று நாள் நடந்தது. பழைய கோடெல்லாம் போய்ச் சாம்பல் நிறத்தில் புதிது வந்தது. கல் மாதிரி இறுகிவிட்டது. வெறும் சோப்புத் தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் போனதும் அடுக்களையில் அவளைப் பிடித்தேன். இதை வைத்து நாளைக்கு என்ன கேட்கப் போகிறாள், அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"ஏட்டி, எதுக்கு அப்படிச் சொன்ன?"

அவள் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"நான் உள்ளதச் சொல்லியிருந்தா நீங்க எங்க போயிருப்பிய மைனி?"

நக்கலாகச் சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால் நான் இரண்டு மடங்கு திட்டியிருப்பேன், அதற்கு எனக்கு வாய் இருந்தது. அதுவரை அவளைப் பிடிக்காமல் மட்டும்தான் இருந்தது. அன்றைக்குத்தான் வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே, அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் கிழங்கைத் தோல் சீவிக் கொடுத்தேன்.