ஜேசுரட்ணம் அண்ணையின் நீலம்

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்து எங்கள் வர்ணத் தொழிற்சாலையில், வெள்ளைக்காரர் கைகட்டி நின்று ஒரு தமிழனிடம் "சரியா?" என்று கேட்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது ஜேசுரட்ணம் அண்ணையின் மேசை. நிறத்தூளும் வேலம்பிசினும் சேர்த்து உருளைகளில் அரைத்த குவாஷ் வர்ணத்தை அவர் அட்டையில் பூசுவார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம் என்பதால் காயும்வரை காத்திருப்பார். பிறகு பழைய மாதிரியோடு சேர்த்துப் பார்த்து அவர் தலையாட்டினால்தான் நான் டியூப்களில் அடைப்பேன். அந்தத் தலையாட்டலில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருக்கட்டுமே! அகதியாக வந்து பத்து வருடம் உணவகத்தில் கோப்பை கழுவிய மனுசன்.

சீனி வருத்தக்காரர், நீரிழிவு. ஆனாலும் தேநீருக்கு மூன்று கரண்டி போடுவார். தடுத்தால், "போடா, எனக்கு ஒண்டுமில்லை" என்பார்.

2004 ஏப்ரலில் ஜப்பானிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அங்கே ஒரு கார்ட்டூன் பட நிறுவனம், பின்னணி வானங்களை எங்கள் நீலத்தால்தான் கையால் தீட்டிவந்தது. பார்சலில் ஒரு வானம் இருந்தது. பாதி பழைய டியூப், பாதி புதியது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் பச்சையடித்த நீலம்.

எங்கள் மேலாளர் அதை மேசையில் வைத்தார். "வித்தியாசம் எங்கே தொடங்குகிறது? காட்டுங்கள்" என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணை கண்ணாடியைத் துடைத்தார். படத்தை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தார், நிமிர்த்தினார். கடைசியில் ஒரு மேகத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். கோடு அங்கே இல்லை. சீனி கண்ணுக்குள் இறங்கினால் நீலமும் பச்சையும் ஒன்றாகிவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அவர் என் பக்கம் திரும்பினார். "எங்கையடா? சொல்லடா."

சொன்னாலும் அந்த மேசை போய்விடும், சொல்லாவிட்டாலும் போய்விடும். அவருடைய விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன்.

"இதிலை, அண்ணை."

விரலை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"உனக்கு எப்பவிருந்து தெரியும்?"

"தை மாசத்திலை இருந்து. நீங்கள் பிழைவிட மாட்டியள் எண்டு நினைச்சு, அடைச்சுக்கொண்டே இருந்தனான்."