அவன் முறைத் தண்ணீர்

டெல்லிக்குப் போகும் முன்பு என்னோடு சண்டை போட ஓர் ஆள் இருந்தான். சேத்தூர்ப் பக்கம் எங்கள் இருவர் வயலுக்கும் ஒரே வாய்க்கால். கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவோம்; இன்று எனக்கென்றால் நாளை அவனுக்கு. என் பக்கம் கால் மணி நேரம் கூடுதலாக ஓடினால் போதும், "ஏலே, இது என்ன ஒங்கப்பன் வெட்டுன வாய்க்காலா?" என்று வரப்பில் நின்று கத்துவான். நானும் சளைத்தவன் இல்லை. கத்தி முடித்ததும் ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி குடிப்போம்.

எண்பதுகளில் கட்சி என்னை எம்.பி. தேர்தலில் நிறுத்தியது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவெல்லாம் எனக்காகத் தொண்டை கட்டக் கத்தியவனும் அவன்தான். ஜெயித்து, டெல்லி போய், முதல்முறை ஊர் திரும்பியபோது வாசலில் கூட்டம். அதில் அவனும் நின்றான், கையில் எலுமிச்சம்பழத்தோடு. பெரிய மனுஷரைப் பார்க்கப் போனால் எங்கள் பக்கம் அப்படித்தான் போவார்கள். அந்தப் பழமும் என் வயல் மரத்தில் பறித்தது!

"ஐயா, கும்பிடுதேன்."

"ஏலே, ஒனக்கென்ன கிறுக்கா? உக்காரு."

"இருக்கட்டும்யா. நாலு பேரு பாக்காக."

அதன்பிறகு எப்போது வந்தாலும் நின்றே பேசினான். டெல்லியில் ஒற்றை ஆளாகச் சப்பாத்தி மெல்லும்போது, நாசமாய்ப் போன பதவி என்று திட்டுவேன். ஆனால் அடுத்த தேர்தலிலும் நின்றேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

தொண்ணூறுகளில் தோற்றேன். வீட்டில் அழுதார்கள். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம், இனி அவன் திட்டுவான் என்று. மண்வெட்டியோடு வயலுக்குப் போனேன். பார்த்ததும் தோள் துண்டை இறக்கினான்.

"வெயில்ல ஐயா எதுக்கு வரணும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் அவன் முறை. வேண்டுமென்றே அவன் வயல் மடையை மண் போட்டு அடைத்து, தண்ணீரை என் வயலுக்குத் திருப்பினேன். அவன் நெல் பால் பிடிக்கிற நேரம். ஒரு தண்ணீர் தவறினால் பதராகிவிடும். கத்தாமல் எங்கே போவான்?

வந்தான். அடைப்பைப் பார்த்தான். முகம் சிவந்து, வாயும் திறந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவனோ துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"ஐயாவே பாய்ச்சிக்கிடுங்க. நான் பொறவு பாத்துக்கிடுதேன்."

"இது திருட்டுத் தண்ணிலே! ஒன் தண்ணி! கேளுலே!"

"ஐயாகிட்ட எப்படிக் கேக்க?"

மண்வெட்டியை எறிந்துவிட்டு, கையாலேயே அடைப்பைப் பிடுங்கினேன். தண்ணீர் அவன் வயலுக்குள் ஓடியது. அவனுடைய தண்ணீர்தான். அதற்குப் போய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.